காலேஜ் படிச்சுக்கிட்டே போதையில இருந்து மீள்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலேஜ் பசங்களுக்கான ரெக்கவரி சப்போர்ட் ப்ரோக்ராம் பத்தி என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களை ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. இந்த மாதிரி ஒரு குழுவோட சில வருஷமா கூடவே இருக்கேன், வாரா வாரம் மீட்டிங்ல உக்காந்திருக்கேன், இதைப் பத்தின ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் கிடைக்க கிடைக்க படிச்சுக்கிட்டு வர்றேன். நான் டாக்டர் இல்ல. மருந்து, திடீர்னு நிறுத்துறது சம்பந்தமா கீழ சொல்றதை வெச்சு நீங்களா எதுவும் செய்யாதீங்க, ஒரு டாக்டரைப் பாத்துட்டு செய்ங்க.

இது என்ன, டீ-அடிக்ஷன் சென்டர் மாதிரியா?

இல்லீங்க. சென்டர்னா அங்க போய் தங்கி, உடம்புல இருந்து போதையை இறக்கி, சிகிச்சை எடுத்துட்டு வர்றது. அதெல்லாம் முடிஞ்சு ஒருத்தன் திரும்ப க்ளாஸுக்கு வர்றான் இல்ல, அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து தான் இந்த ப்ரோக்ராமோட வேலை ஆரம்பிக்குது. அதே ஹாஸ்டல், அதே ரூம்மேட், சனிக்கிழமை ராத்திரி ஆனா அதே பார்ட்டி, இவன் மட்டும் மாறி வந்திருக்கான். அவனுக்கு காலேஜுக்குள்ளயே உக்கார ஒரு இடம், அதே வயசுல குடியையோ போதையையோ விட்ட நாலு பேர், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு மீட்டிங், பேச ஒரு கவுன்சிலர், சில இடங்கள்ல போதை இல்லாத தனி ஹாஸ்டல், ஸ்காலர்ஷிப், படிப்புல விட்டுப்போனதைப் பிடிக்க உதவி, இவ்வளவும் சேந்தது தான் இது. சிகிச்சைக்கு பதிலா இது இல்ல, சிகிச்சைக்கு அப்புறம் இது.

எப்போ ஆரம்பிச்சது? புதுசா வந்ததா?

அமெரிக்காவுல 1977-லயே ப்ரவுன் யுனிவர்சிட்டியில ப்ரூஸ் டோனவன்னு ஒரு பேராசிரியர், அவரே குடியில இருந்து மீண்டவர், மாணவர்களுக்கு இந்த விஷயத்துல உதவுறதையே தன்னோட பொறுப்பா எடுத்துக்கிட்டு ஆரம்பிச்சார். 1983-ல ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியில ஒரு ப்ரோக்ராம் வந்துச்சு, 1988-ல அங்கயே மீண்டுக்கிட்டு இருக்கிற மாணவர்களுக்குன்னு தனி ஹாஸ்டல். 1986-ல டெக்சாஸ் டெக் யுனிவர்சிட்டி, 1997-ல மினியாபோலிஸ்ல இருக்கிற ஆக்ஸ்பர்க் காலேஜ். ரொம்ப வருஷம் இந்த நாலஞ்சு பேர் தான் களத்துல இருந்தாங்க, வேகமா பரவுனது 2010-க்கு அப்புறம் தான். அதனால தான் ஆராய்ச்சியும் இன்னும் இளசா இருக்கு, இதை நினைவுல வெச்சுக்கிட்டா அப்புறம் வர்ற பதில்கள் சுலபமா புரியும்.

வெளிய தான் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடுற குழு) மீட்டிங் இருக்கே, காலேஜுக்குன்னு தனியா எதுக்கு?

நல்ல கேள்வி, நானே முதல்ல இதைத் தான் கேட்டேன். இருபது வயசுப் பொண்ணு ஒருத்தி வெளிய மீட்டிங் போனா, அங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவர் கல்யாணம் உடைஞ்சு, வேலை போயி, ஈரல் கெட்டுன்னு சொல்லிக்கிட்டு இருப்பார். அவர் சொல்றது அவ்வளவும் உண்மை, ஆனா கேட்டுக்கிட்டு இருக்கிற பொண்ணுக்கு தோணுறது "எனக்கு இன்னும் இவ்வளவு ஆகலையே, அப்போ எனக்கு பிரச்சனை இல்ல போல"ன்னு தான். அதே பொண்ணு இன்னொரு செகண்ட் இயர் பையன் "எக்ஸாம் ஹால்ல கை நடுங்கி பேனா பிடிக்க முடியல"ன்னு சொல்றதைக் கேட்டா சட்டுனு நிமிர்ந்து உக்காருவா.

இன்னொண்ணு, காலேஜ் வாழ்க்கையில குடிக்கிறதை யாரும் வியாதியா பாக்கிறதே இல்ல. "இந்த வயசுல பண்ணாம எப்போ பண்றது"ன்னு ஒரே பேச்சு. அந்த பேச்சுக்கு நடுவுல தினமும் "வேணாம்"னு சொல்லிக்கிட்டே இருக்கிறதுக்கு தெம்பு வேணும், தனியா இருந்தா அந்த தெம்பு சீக்கிரம் தீந்து போகும்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்லுது? பலன் இருக்கா?

பெரிய அளவுல நடந்த ஒரு சர்வே 2015-ல வெளிவந்துச்சு. அலெக்ஸாண்ட்ர் லோடேயும் அவங்க கூட்டாளிகளும் பண்ணது. 29 ப்ரோக்ராம்ல இருந்து 486 மாணவர்கள். சராசரி வயசு 26, அதாவது நாம நினைக்கிற பதினெட்டு வயசு இல்ல, நடுவுல படிப்பை விட்டுட்டு திரும்ப வந்தவங்க நிறைய. மூணுல ஒருத்தர் சொன்னது, இந்த ப்ரோக்ராம் இல்லன்னா நான் இன்னைக்கு காலேஜ்லயே இருக்க மாட்டேன்னு. எனக்கு எல்லா நம்பரையும் விட மனசுல நின்னது இது தான். ஏன்னா மத்த நம்பர் எல்லாம் குடிச்சானா இல்லையான்னு கணக்கு பாக்குது, இது ஒருத்தன் வாழ்க்கை எந்த பக்கம் திரும்பிச்சுன்னு சொல்லுது.

ரீலாப்ஸ் கணக்கு பாத்தா, பல ப்ரோக்ராம்ல இருந்து சேத்த தகவல் படி ஒரு வருஷத்துல திரும்ப போதைக்கு போனவங்க சராசரியா 8 சதவீதம், சில இடத்துல பூஜ்யம், சில இடத்துல 25 வரைக்கும். மார்க், படிப்பை முடிக்கிறது இந்த ரெண்டுலயும் அந்தந்த காலேஜோட மொத்த சராசரியை விட இவங்க மேல இருக்காங்க. போதையில விழுந்தவன் படிப்புக்கு லாயக்கில்லன்னு சொல்ற பேராசிரியர்கள், பெத்தவங்க யாராவது இருந்தா இந்த பத்தியை காட்டுங்க.

அப்போ நிரூபணம் ஆயிடுச்சுன்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. இங்க தான் நான் கொஞ்சம் நிதானமா எழுத விரும்புறேன், ஏன்னா இந்த 8 சதவீதத்தை பலபேர் பெருசா போட்டு விளம்பரம் பண்றதைப் பாத்திருக்கேன், மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

அந்த 2015 சர்வேல வந்த மாணவர்கள் சராசரியா கிட்டத்தட்ட மூணு வருஷமா போதையைத் தொடாதவங்க. புரியுதுங்களா? மூணு வருஷம் தாக்குப்பிடிச்சவன் இந்த வருஷமும் தாக்குப்பிடிக்க வாய்ப்பு ஏற்கனவே அதிகம். அதுல எவ்வளவு ப்ரோக்ராமால, எவ்வளவு அவனோட சொந்த முயற்சியால, எவ்வளவு வீட்ல பணம் இருந்ததால, பிரிச்சு சொல்ல வழியே இல்ல. பல ப்ரோக்ராம்ல சேரணும்னாலே இத்தனை மாசம் நிறுத்தியிருக்கணும்னு விதி இருக்கு, அதாவது கரையேறி வந்தவங்களுக்குத் தான் கதவு திறக்குது, தண்ணியில தத்தளிக்கிறவன் வெளிய நிக்கிறான். ரீலாப்ஸ், மார்க் நம்பர்களை ப்ரோக்ராம் நடத்துறவங்களே தான் கொடுத்தாங்க. நடுவுல விட்டுட்டு போனவங்க என்ன ஆனாங்கன்னு அந்த கணக்குல தெரியாது. சர்வேல 91 சதவீதம் வெள்ளைக்காரங்க, அதனால மத்த சமூகத்து மாணவர்களுக்கு இது அப்படியே பொருந்தும்னு எடுத்துக்க முடியாது.

2018-ல எமிலி ஹென்னஸியும் குழுவும், மீண்டு வர்ற மாணவர்களுக்கான ஸ்கூல், காலேஜ் ப்ரோக்ராம் எல்லாத்தையும் பத்தி வந்த ஆய்வுகளை சல்லடை போட்டு சலிச்சாங்க. சேராதவங்களோட ஒப்பிட்டு ஒழுங்கா பண்ண ஆய்வு மட்டும் தான் எடுத்துப்போம்னு விதி வெச்சாங்க. ஸ்கூல் பக்கம் ஒரே ஒரு ஆய்வு தேறுச்சு. காலேஜ் பக்கம் ஒண்ணு கூட தேறல. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ரொம்ப சோர்வா இருந்துச்சு, ஆனா யோசிச்சு பாத்தா இதுக்கு அர்த்தம் "பலன் இல்ல"ன்னு இல்ல, "இன்னும் சரியா அளந்து பாக்கல"ன்னு தான். ரெண்டும் வேற வேற.

ஏன் அளக்கல? குலுக்கல் போட்டு ரெண்டு குழுவா பிரிச்சு பாக்க வேண்டியது தானே?

மாத்திரைன்னா பிரிக்கலாம். இங்க மருந்தே மனுஷங்க தான். உதவி கேட்டு வாசல்ல வந்து நிக்கிற பையன்கிட்ட "உனக்கு குலுக்கல்ல விழல, நீ உள்ள வராத"ன்னு யார் சொல்றது? பெரும்பாலான ப்ரோக்ராம்ல ஆளுங்க எண்ணிக்கையும் ரொம்ப கம்மி, பத்து இருபது பேர் தான். அதுக்கு பதிலா, ப்ரோக்ராம் இருக்கிற காலேஜையும் இல்லாத காலேஜையும் ஒப்பிடலாம், சேரும்போதே ஆரம்பிச்சு படிப்பை முடிச்சு அஞ்சு வருஷம் வரைக்கும் பின்தொடரலாம், விட்டுட்டு போனவங்களையும் தேடிப் பிடிச்சு கேக்கலாம். கடைசியா சொன்னது தான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன், அதுக்கு தான் ஆளும் பணமும் கிடைக்க மாட்டேங்குது.

ப்ரோக்ராமுக்குள்ள எது உண்மையிலேயே வேலை செய்யுது?

டெக்சாஸ் டெக்ல ஹாரிங்டன் க்ளீவ்லாண்ட், கிட்டி ஹாரிஸ் ரெண்டு பேரும் 55 மாணவர்களை தினமும் டைரி மாதிரி பதிவு பண்ண வெச்சாங்க. இன்னைக்கு எவ்வளவு ஆசை வந்துச்சு, யார் கூட சண்டை, மனசு எப்படி இருந்துச்சுன்னு. 2010-ல வந்த கட்டுரை. யாராவது மனசு நோகுற மாதிரி நடந்துக்கிட்ட நாள்ல போதை ஆசையும் ஏறுது, அது எதிர்பாத்தது தான். ஆனா பிரச்சனையை நேருக்கு நேர் பாக்காம ஒதுங்கி ஒதுங்கி போற பழக்கம் உள்ளவங்களுக்கு அந்த ஏத்தம் நல்லாவே அதிகமா இருந்துச்சு. அதாவது ஆசையை அடக்க சொல்லிக் கொடுக்கிறதை விட, ரூம்மேட்கிட்ட "நீ சொன்னது எனக்கு வலிச்சுது"ன்னு சொல்லப் பழக்கறது ஒருவேளை அதிகம் உதவும்.

இன்னொரு விஷயம் ரெக்கவரி கேபிட்டல்னு சொல்வாங்க, 1999-ல ராபர்ட் க்ரான்ஃபீல்ட், வில்லியம் க்ளவுட் ரெண்டு பேரும் சொன்னது. ஒருத்தன் மீள்றதுக்கு கையில என்னென்ன முதல் இருக்குன்னு பாக்கிறது: உடம்பு, பணம், படிப்பு, நம்புற மனுஷங்க, தங்க இடம். மன உறுதி மட்டும் வெச்சு அளக்காதீங்கன்னு சொல்றாங்க. நான் இதை ரொம்ப நம்புறேன். மன உறுதி எல்லார்கிட்டயும் இருக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு போய் உக்கார இடம் தான் எல்லார்கிட்டயும் இல்ல.

ஒண்ணு சொல்றேன். எங்க மீட்டிங்குக்கு ஒரு பையன் வருவான், ஏழு வாரம் ஒரு வார்த்தை பேசல. பேரு சொல்லும்போது கூட தலையை மட்டும் ஆட்டுவான். ஆனா பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நாற்காலியை எல்லாம் வட்டமா போட்டு வெச்சிடுவான், முடிஞ்சதும் திரும்ப அடுக்கிட்டு, கதவுகிட்ட நின்னு லைட்டை அணைச்சிட்டு போவான். எட்டாவது வாரம் வரல. நாற்காலி எல்லாம் சுவரோரம் அடுக்கினபடியே இருக்கு, எல்லாரும் நின்னுக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் பாக்கிறோம். ஒரு பொண்ணு வெளிய போய் போன் போட்டா. "நாற்காலி போட ஆள் இல்ல, வர்றியா"ன்னு மட்டும் தான் கேட்டா, வேற எதுவும் கேக்கல. அரை மணி நேரத்துல வந்தான். கண்ணு செவந்திருந்துச்சு. அன்னைக்கு தான் முதல் தடவையா பேசினான். இதை எந்த சர்வேல எந்த கட்டத்துல டிக் பண்றதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

ரீலாப்ஸ் ஆனா வெளிய அனுப்பிடுவாங்களா?

இடத்துக்கு இடம் வேற. தனி ஹாஸ்டல் இருக்கிற இடத்துல மத்தவங்க பாதுகாப்புக்காக கொஞ்ச நாள் வேற இடத்துல தங்க சொல்வாங்க, ஆனா நல்ல ப்ரோக்ராம்ல மீட்டிங்கும் கவுன்சிலரும் அப்போ தான் இன்னும் பக்கத்துல வருவாங்க. ஆலன் மார்லட்னு ஒரு ஆராய்ச்சியாளர் எண்பதுகள்லயே சொன்னது இது: ஒரு தடவை சறுக்குறது வேற, மொத்தமா பழைய நிலைமைக்கு போறது வேற. ஒரு க்ளாஸ் குடிச்சிட்டு "எல்லாம் போச்சு, நான் எதுக்கும் லாயக்கில்ல"ன்னு நினைக்கிற அந்த நினைப்பு தான் மிச்ச பாட்டிலையும் காலி பண்ண வைக்குது.

எத்தனை தடவை முயற்சி பண்ணா விடுபடலாம்னு ஜான் கெல்லி குழு அமெரிக்கா முழுக்க மீண்டவங்களை வெச்சு 2019-ல ஒரு கட்டுரை போட்டாங்க. சராசரி அஞ்சு சொச்சம், ஆனா பாதிப்பேருக்கு ரெண்டு தடவை இல்ல அதுக்கும் கம்மியான முயற்சியிலயே ஆயிடுச்சு. ரொம்ப தடவை முயற்சி பண்ண கொஞ்ச பேரால தான் சராசரி ஏறி நிக்குது. அதனால ரெண்டாவது தடவை வந்து நிக்கிறவனை விசித்திரமா பாக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை, உயிர் விஷயம்: ஹெராயின், சில கடுமையான வலி மாத்திரை மாதிரி ஓபியாய்ட் (அபின் வகை மருந்து) எடுத்துக்கிட்டு இருந்தவங்க சில வாரம் நிறுத்தின பிறகு பழைய அளவையே எடுத்தா உடம்பு தாங்காது, மூச்சு நின்னுடலாம். மறைச்சு தனியா எடுக்கிறவங்களுக்கு தான் ஆபத்து இன்னும் அதிகம், ஏன்னா காப்பாத்த பக்கத்துல ஆள் இருக்காது. திட்டு விழும்ங்கிற பயம் தான் மறைக்க வைக்குது.

எனக்கு கடவுள் நம்பிக்கை இல்ல. ஏஏ-ல கடவுளைச் சொல்லி வர்ற அந்த பன்னிரண்டு படி எல்லாம் ஒத்து வருமா?

2020-ல காக்ரேன்னு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுற அமைப்பு, பெரிய தொகுப்பாய்வு ஒண்ணு வெளியிட்டாங்க, 27 ஆய்வுகள், 10,565 பேர். குடியை முழுசா நிறுத்தி அப்படியே நீடிக்கிறதுல, ஏஏ பக்கம் முறையா கூட்டிட்டு போற சிகிச்சைகள் மத்த சிகிச்சைகளுக்கு குறையாம, சில விஷயத்துல மேலயும் இருக்குன்னு வந்துச்சு. காலேஜ் மாணவர்களை மட்டும் வெச்சு பண்ணது இல்ல அது, ஆனா ஏஏ-ன்னா வெறும் பஜனைன்னு ஒதுக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. அதே சமயம், மனசு ஒட்டலன்னா கட்டாயப்படுத்திக்காதீங்க. ஸ்மார்ட் ரெக்கவரின்னு 1994-ல இருந்து இருக்கு, கடவுள் பேச்சே இல்லாம எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்துற பயிற்சியை அடிப்படையா வெச்சது. ரெண்டுக்கும் ரெண்டு மூணு தடவை போய் பாருங்க, எந்த இடத்துல வாய் திறந்து பேச வருதோ அங்க இருங்க.

ப்யூப்ரனார்ஃபின், மெத்தடோன் எடுக்கிறவன் மீண்டவன் தானா?

ஆமா, மீண்டவன் தான். ஓபியாய்ட் பழக்கத்துக்கு இந்த மருந்துங்க சாவைக் குறைக்குதுன்னு ஆதாரம் ரொம்ப பலமா இருக்கு. "ஒரு போதைக்கு பதில் இன்னொண்ணு"ன்னு மீட்டிங்ல யாராவது சொன்னா, அதைக் கேட்டு மருந்தை நிறுத்திடாதீங்க.

எனக்கு அடிக்ஷன் அளவுக்கு இருக்கான்னே தெரியல. எப்படி தெரிஞ்சுக்கிறது?

டாக்டருங்க பயன்படுத்துற டிஎஸ்எம்-5 கையேட்டுல 11 அடையாளம் இருக்கு, 12 மாசத்துக்குள்ள ரெண்டு மூணு இருந்தா லேசானது, நாலஞ்சுன்னா நடுத்தரம், ஆறும் அதுக்கு மேலயும்னா கடுமை. நினைச்சதை விட அதிகமா எடுக்கிறது, குறைக்க நினைச்சு முடியாம போறது, அதுலயே பாதி நாள் போறது, க்ளாஸ் வேலை எல்லாம் கெட்டுப்போறது, முன்ன பிடிச்ச விஷயத்தை விட்டுடறது, அதே போதைக்கு அளவு ஏறிக்கிட்டே போறது, இப்படி. ஆனா இதை எண்ணிப் பாத்து "மூணு தானே"ன்னு நிம்மதி ஆகவும் வேணாம். லேசா இருக்கும்போது வர்றவங்களுக்கு தான் வேலை சுலபம்.

போன், கேம், சூதாட்டம்?

சூதாட்டமும் கேமிங்கும் உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 நோய்ப் பட்டியல்ல இருக்கு, சும்மா போன் பாக்கிறது இல்ல. பல ப்ரோக்ராம்ல இவங்களையும், சாப்பாட்டு பிரச்சனை உள்ளவங்களையும் சேத்துக்கிறாங்க. சேருங்க.

நாளைக்கே மொத்தமா நிறுத்திடலாமா?

தினமும் நிறைய குடிக்கிறவங்க, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை மாசக்கணக்கா எடுத்தவங்க தனியா ரூம்ல உக்காந்து திடீர்னு நிறுத்தவே கூடாது. வலிப்பு வரலாம், குடியை நிறுத்தின ரெண்டாவது மூணாவது நாள்ல குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்கு தெரியறது, உயிருக்கே ஆபத்து வரைக்கும் போகலாம். டாக்டர் மேற்பார்வையில நிறுத்தினா இதைத் தடுக்க மருந்து இருக்கு. உறுதி எடுத்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு போறதும் உறுதி தான்.

ப்ரெண்டுக்கு இந்த பிரச்சனை. நான் என்ன பேசறது?

என்ன வார்த்தையில பேசறீங்கன்னு முதல்ல பாருங்க. 2010-ல கெல்லியும் வெஸ்டர்ஹாஃபும் ஐநூத்துக்கும் மேல மனநல சிகிச்சை நிபுணர்கள்கிட்ட ஒரே ஆளோட கதையைக் கொடுத்தாங்க, பாதிப்பேருக்கு அவரை இழிவா குறிக்கிற வார்த்தையோட, பாதிப்பேருக்கு "இந்த நோய் உள்ளவர்"னு. மத்ததெல்லாம் ஒண்ணு தான். இழிவான வார்த்தையைப் படிச்சவங்க, தப்பு அவரோடது தான், தண்டனை கொடுக்கலாம்ங்கிற பக்கம் அதிகமா சாய்ஞ்சாங்க. படிச்ச நிபுணர்களே இப்படின்னா நம்ம வீட்ல "குடிகாரன்", "போதை கேஸ்"னு கூப்பிடுறது என்ன பண்ணும்னு பாத்துக்கோங்க. "நீ குடிகாரனாயிட்ட"ன்னு சொல்லாம "போன மாசம் ரெண்டு இன்டர்னல் எழுதல, நேத்து வாந்தி எடுத்துட்டு தனியா கிடந்த, எனக்கு பயமா இருக்கு"ன்னு நீங்க கண்ணால பாத்ததை சொல்லுங்க. போதையில இருக்கும்போது பேசாதீங்க, மறுநாள் பேசுங்க. கூடவே போறேன்னு சொல்லுங்க. போங்க.

பெத்தவங்க நிறைய பேர் கேக்கிறது படிப்பை நிறுத்திட்டு வீட்டுக்கு கூட்டிட்டு வந்திடலாமான்னு. சிகிச்சைக்கு ஒரு செமஸ்டர் விட வேண்டி வந்தா விடுங்க, ஆனா திரும்பி வர்ற கதவைத் திறந்தே வெச்சுட்டு விடுங்க. படிப்பும் அவனுக்கு ஒரு முதல் தான்.

எங்க காலேஜ்ல இப்படி ஒண்ணு இல்ல. ஆரம்பிக்க என்ன வேணும்?

பணம்னு நினைப்பீங்க, அது அப்புறம். முதல்ல வேணும்கிறது மீண்டுக்கிட்டு இருக்கிற ரெண்டு மாணவர்கள், காலேஜ் சம்பளத்துல இருக்கிற, நம்பிக்கையான ஒரு ஆள், ஏன்னா மாணவர்கள் மூணு நாலு வருஷத்துல படிச்சு முடிச்சு போயிடுவாங்க, குழு அவங்களோடயே கலைஞ்சிடும். அப்புறம் ஒரு ரூம். நிர்வாக ஆபீஸ் பக்கம் வேணாம், யார் வந்தா யார் போனான்னு கண்ணுல படுற இடம் வேணாம். இங்க சொன்னது வெளிய போகாதுன்னு எழுத்துல ஒரு உறுதி, பேசினதை வெச்சு ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாட்டோம்னு நிர்வாகம் கையெழுத்து போட்டது. அவசரம்னா அனுப்ப ஒரு டாக்டர்.

சேர இத்தனை மாசம் சுத்தமா இருக்கணும்னு விதி வைக்காதீங்க, இது என்னோட கருத்து, ஹாஸ்டலுக்கு வைங்க, மீட்டிங்குக்கு வேணாம். நேத்து குடிச்சவனும் வந்து உக்காரட்டும். முதல் நாள்ல இருந்தே கணக்கு எழுதி வைங்க, வந்தவங்க மட்டும் இல்ல, வராம போனவங்களையும், பேர் இல்லாம. நேரம் வெள்ளிக்கிழமை சாயங்காலமா இருக்கட்டும், மத்தவங்க எல்லாம் பார்ட்டிக்கு கிளம்புற நேரம் அது தான். முதல் ரெண்டு மாசம் யாரும் வரலன்னாலும் ரூமைத் திறந்து, லைட் போட்டு, நாற்காலியை வட்டமா போட்டு வைங்க.